கூண்டில் இருந்தது ஒரே பாம்பு

அனுப்புநர்:
சி. மாரிமுத்து,
7ஆம் இலக்க லயம், கீழ்ப்பிரிவு,
கருங்கல்மலைத் தோட்டம்,
எல்கடுவ.

பெறுநர்:
கனம் அரசாங்க அதிபர் அவர்கள்,
கச்சேரி, மாத்தளை.

பொருள்: பாம்புக் குட்டி கடித்து என் மனைவி இறந்த வழக்கில் நான் சொன்ன பொய்ச் சாட்சியத்தைத் திருத்திப் பதிவு செய்வதும், அதனால் சிறையிலிருக்கும் எம். பதுர்தீன் அவர்களுக்கு நியாயம் கோருவதும் பற்றியது.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மேற்படி தோட்டத்தில் பதினாறு வயது முதல் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிவரும் தொழிலாளி. கொழுந்து எடுத்துவந்த என் மனைவி அழகம்மா கடந்த வருடம் ஜூன் 11ஆம் திகதி கண்ணாடி விரியன் குட்டி கடித்து மறுநாள் இறந்துபோனாள். அந்தச் சாவுக்குப் பொறுப்பாளி என்று தீர்க்கப்பட்டு, எங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் உதவியாளாக இருந்த பதுர்தீன் அவர்கள் இரண்டு வருடச் சிறைத்தண்டனை அனுபவித்து வருகிறார். அவர் சிறை போனது என் சாட்சியத்தால். அது பொய்ச் சாட்சியம். இதை யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதுகிறேன்.

2. அந்தத் தாய்ப்பாம்பைப் பிடித்தவன் நானே. 1967 ஒக்டோபர் மாதம் கவ்வாத்து மலையில் கவைக்கம்பால் அமுக்கிச் சாக்கில் போட்டேன். பாம்பு கடித்து வருகிறவர்களுக்கு எந்தப் பாம்பு கடித்தது என்று சொல்லத் தெரிவதில்லை, உயிரோடு ஒன்றைக் காட்டி "இதுவா?" என்று கேட்டால் வைத்தியத்துக்கு உதவும் என்று பதுர்தீன் அவர்கள் கேட்டிருந்தார். டிஸ்பென்சர் மாணிக்கவாசகம் ஐயாவும் சம்மதித்தார். வாலைப் பார்த்து அது பெண் பாம்பு என்று சொன்னவரும் அவரே. கண்ணாடிப் பெட்டிக்குக் கம்பிவலை மூடி போட்டு, பூட்டி, அதை டிஸ்பென்சரியின் பின்னறையில் வைத்தார்கள். வலைக் கண்ணில் என் சுண்டுவிரல் போகும். அவ்வளவு பெரிய பாம்புக்கு அது போதுமான வலைதான்.

3. அந்தப் பாம்பு இருபது மாதம் அங்கே தனியாக இருந்தது. ஜூன் மாதம் அது குட்டி போட்டது. ஆண் இல்லாத பெட்டியில் குட்டி வரும் என்று யார் நினைப்பார்கள், ஐயா? இரவு போட்ட குட்டிகள் வலைக்கண் வழியே வெளியேறிவிட்டன. காலையில் அழகம்மா எங்கள் மகள் காத்தாயிக்குக் காய்ச்சல் மருந்து வாங்கப் போய் அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்தாள். குதிகாலில் ஏதோ குத்தியதை முள் என்று நினைத்து, மருந்துப் போத்தலோடு வீட்டுக்கு வந்து, சோறும் ஆக்கினாள். பின்நேரம் பல் ஈறிலிருந்து இரத்தம் வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். மண் சரிந்து பாதை அடைபட்டிருந்ததால் விடிந்துதான் லொறி கிடைத்தது. டவுனுக்குப் போய்ச் சேரும் முன் என் மடியிலேயே உயிர் போயிற்று. அவளுக்கு வயது இருபத்தெட்டு. அன்று தோட்டத்து ஆட்கள் டிஸ்பென்சரியைச் சோதித்து இருபத்தேழு குட்டிகளையும் தாயையும் அடித்துக் கொன்று மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டார்கள். ஆகவே இப்போது காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

4. அடக்கத்தன்று பதுர்தீன் அவர்கள் லயத்து வாசலில் வந்து நின்றார். "மாரிமுத்தண்ணே, அது ஒத்தயாத்தான் இரிந்திச்சி. அல்லாஹ்வறிய நான் வேற பாம்பு வைக்கல்ல" என்று சொன்னார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரை விரட்டினேன்.

5. வழக்கில் கேட்கப்பட்டது ஒரே விடயம். ஆண் பாம்பு இல்லாமல் குட்டி வராது, ஆகவே எதிரியாகிய பதுர்தீன் அவர்கள் இரகசியமாக ஒரு ஆணைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார், சேர்த்தவருக்குக் குட்டி வரும் என்று தெரிந்திருக்கும், தெரிந்தும் வலையை மாற்றவில்லை என்பதே அது. வேறு பாம்பைப் பார்த்தாயா என்று என்னிடம் கேட்டார்கள். சில மாதத்துக்கு முன் அவர் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனதைப் பார்த்தேன், சாக்குக்குள் பாம்பு நெளிந்தது என்று சத்தியம் செய்து சொன்னேன். ஐயா, அந்தச் சாக்கில் இருந்தவை பாம்புக்குத் தீனியாகப் பிடித்த எலிகள். அன்றைக்கே சாக்கை அவிழ்த்து எனக்குக் காட்டினார். தெரிந்தே பொய் சொன்னேன்.

6. ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். ஒற்றைப் பாம்பிலிருந்துதான் அத்தனை குட்டியும் வந்தது என்றால், அதைப் பிடித்துக் கொடுத்தவன் நான். என் கையால் கொண்டுவந்த பாம்பு என் வீட்டுக்காரியைக் கொன்றது என்று ஆகிவிடும். அதைத் தாங்க முடியாமல் இன்னொரு பாம்பை உண்டாக்கினேன்.

7. மாணிக்கவாசகம் ஐயா இந்த விடயம் பற்றிக் கொழும்பில் பாம்புகளை ஆராயும் ஒரு கல்விமானுக்கு எழுதிக் கேட்டிருந்தார். தீர்ப்பாகி மூன்று மாதம் கழிந்த பின், இந்த ஜனவரியில், பதில் வந்தது. ஐயா அதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார். பெண் பாம்பு ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் அந்த ஆணின் வித்தினைத் தன் உடம்புக்குள்ளே பல மாதம், சில இனங்களில் வருடக்கணக்காகவும், உயிரோடு வைத்திருக்கக் கூடும். பிறகு ஆணே கிட்ட வராமல் கருத்தரித்துக் குட்டி போடவும் கூடும். ஒரே சேர்க்கையிலிருந்து இரண்டாம் ஈற்றும் வரலாம். ஆண் கிடைக்காத இடத்தில் இனம் பெருகுவது இப்படித்தான் என்று அதில் இருக்கிறது. நான் அதைப் பிடித்த நாளிலேயே அது வயிற்றில் வித்தோடுதான் வந்திருக்கிறது. கடிதத்தின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

8. அந்தப் பிரதியோடு பதுர்தீன் அவர்களின் மனைவி ஹவ்வா அவர்களின் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "இத என்கிட்ட சென்னா என்ன வரும்? கோட்டுல செல்லுங்க" என்றார். கோட்டில் வழக்கு முடிந்துவிட்டது என்றார்கள். பொலிஸில் வக்கீலோடு வரச் சொன்னார்கள். வக்கீலின் கிளார்க், மேன்முறையீட்டு நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன என்றார். சிறையில் பதுர்தீன் அவர்களையும் போய்ப் பார்த்தேன். மெலிந்து, இருமிக்கொண்டு வந்தார். தான் எப்போதாவது பெட்டியைப் பூட்ட மறந்து, ஒரு ஆண் பாம்பு உள்ளே வந்து போயிருக்குமோ என்று எட்டு மாதமாக யோசித்து, அப்படித்தான் இருக்கும் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார். நான் கடிதத்தில் உள்ளதைச் சொன்னதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

9. என் நிலைமை பின்வருமாறு. நான் இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜையாகப் பதிவு பெற்று, குடும்ப பாஸ்போர்ட்டும் கிடைத்து, இம்மாதம் 14ஆம் திகதி மகள் காத்தாயியோடு தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டியவன். நாள் தள்ளித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சத்தியக் கடதாசி முடித்துத் தரக் கேட்ட இடத்தில் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அடுத்த மாதம் நான் இந்த நாட்டில் இல்லை. பொய்ச் சாட்சி சொன்னதற்குத் தண்டனை உண்டு என்பதும், என்னைப் பிடித்து வைத்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறு ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்து வைக்கிறேன்.

10. ஆகையால், 14ஆம் திகதிக்கு முன் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் என்னை அழைத்து இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்து, உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்குமாறு மன்றாடுகிறேன். இது நான் எழுதும் நான்காவது மனு. முந்திய மூன்றுக்கும் பதில் இல்லை. இதுவும் கோப்பில் கிடக்கும் என்றே என் மனம் சொல்கிறது. ஆனாலும் எழுதாமல் கப்பல் ஏற என்னால் முடியவில்லை.

இந்தியாவில் எனக்கு இன்னும் விலாசம் இல்லை. தாங்கள் இரங்கி ஏதும் பதில் எழுதுவதாயின், மேற்படி பிரதியின் பின்புறம் குறித்துள்ள ஹவ்வா அவர்களின் விலாசத்துக்கு, தமிழில், அனுப்புமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் தயவை எதிர்பார்க்கும்,
சி. மாரிமுத்து
(கையொப்பம்)

இடம்: எல்கடுவ
திகதி: 02.03.1970

இணைப்பு: கொழும்பிலிருந்து வந்த கடிதத்தின் பிரதி ஒன்று.