குழந்தையின் கண்ணைக் காட்டிவிடு

வேங்கிக்கால்,
12.6.2024

அன்புள்ள தேவிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பையனும் நலமா? என் போன் உனக்கு வராதபடி செய்துவிட்டாய். அதனால்தான் கடிதம்.

பையனுக்குப் பேர் வைத்த அன்றைக்கு எல்லார் முன்னாலும் நான் பேசியது தப்பு என்கிறாய். "கொழந்த கண்ண ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுடி"னுதான் சொன்னேன். உன் மாமியார் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என் மகள் எழிலுக்கு நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். போட்டோ எடுத்தால் அவள் வலது கண் மட்டும் வெள்ளையாக மின்னும். போன் கோளாறு என்று நினைத்தோம். சென்னையில் காட்டியபோது விழித்திரையில் புற்றுக்கட்டி, கண் முழுக்க நிறைந்துவிட்டது என்றார்கள். கண்ணை எடுத்தார்கள். இடது கண்ணில் சின்னதாக இருப்பதற்கு மருந்தும் லேசரும் நடக்கிறது. சீக்கிரம் பார்த்திருந்தால் வலது கண்ணும் நின்றிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

சீக்கிரம் பார். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

உன் அக்கா,
மதிவதனி

ஓசூர்,
18.6.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழிலை நினைத்து நான் அழாத நாள் இல்லை. அதை நீ நம்ப வேண்டும்.

என் பையன் நன்றாக இருக்கிறான். முகம் பார்த்துச் சிரிக்கிறான். ஒரு குறையும் இல்லாத குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், புற்றுநோய் இருக்கிறதா பாருங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? "உங்க வூட்டு ரத்தமே சரியில்ல போல"னு மாமியார் ஒரு தடவை சொல்லிவிட்டார். இவரும் அதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். நான் இந்த வீட்டில் வாழ வேண்டாமா?

கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறேன். உனக்கு வந்தது எனக்கும் வரணும்னு நினைக்கிறாயா?

இனி எழுதாதே.

தேவிப்ரியா

வேங்கிக்கால்,
24.6.2024

தேவிக்கு,

நினைக்கவில்லை. இப்போதெல்லாம் எனக்கு எதையும் நினைக்க வருவதில்லை. சமைக்கிறேன், மருந்து ஊற்றுகிறேன், பஸ் ஏறுகிறேன்.

உன் மாமியார் சொன்னது பாதி சரி. டாக்டரம்மா எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். கண் உருவாகும்போது செல்கள் பெருகும். போதும், நிறுத்து என்று அவற்றுக்குச் சொல்ல ஒரு ஜீன் உண்டு. எல்லாரிடமும் அது இரண்டு பிரதியாக இருக்கும். எழிலுக்கு ஒரு பிரதி பிறவியிலேயே பழுது. இன்னொன்றும் ஏதோ ஒரு செல்லில் கெட்டுப்போனால் அங்கே கட்டி கிளம்பும். என் ரத்தத்திலும் அதே பழுது இருக்கிறது. சிலருக்கு நோய் வராமலேயே பிள்ளைக்குப் போகுமாம். நான் அந்தச் சிலரில் ஒருத்தி.

உங்கள் வீட்டில் யாருக்காவது கண்ணில் குறை உண்டா என்று கேட்டார். அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே ஒரு கண் போய்விட்டது, ஆடு முட்டியது என்றேன். அப்படித்தானே நாம் இருவரும் கேட்டு வளர்ந்தோம். வெள்ளிக்கிழமை பௌர்ணமிக் கூட்டத்துக்கு நடுவே அடி அண்ணாமலைக்குப் போய் காசியம்மாள் அத்தையைக் கேட்டேன். "ஆடும் இல்ல, மாடும் இல்ல. உங்கப்பனுக்கு அந்தக் கண்ணு பூனக் கண்ணு மாதிரி மின்னுச்சி. அப்புறம் வீங்கிப்போய் எடுத்துட்டாங்க"ன்னார்.

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். கிரிவலம் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, "அப்போ எம் பேத்திக்கு நான்தான் குடுத்தேனா?" என்று கேட்டார். உங்களுக்கும் யாரோ கொடுத்ததுதான்பா என்றேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். சரிபாதி. உன் ரத்தத்தைக் கொடுத்தால் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் குழந்தையின் கண்ணைப் பார்த்துவிடட்டும். மாமியாரிடம் தடுப்பூசி என்று சொல்லிவிட்டுப் போ. பழியை என்மேல் போடு. நான் வாங்கிக்கொள்கிறேன்.

மதி

ஓசூர்,
19.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு என்னைத் திட்டு. உன் கடிதத்தை இவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "கெளம்பு, நாளைக்கே போலாம்"னார். பெங்களூரில் காட்டினோம். குழந்தையின் இரண்டு கண்ணும் சுத்தமாக இருக்கிறது. என் ரத்தப் பரிசோதனை நேற்று வந்தது. எனக்கு அந்தப் பழுது இல்லை. அதனால் இவனுக்கும் வராதாம், இனி பார்க்கவே வேண்டாமாம்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன் அக்கா. அப்புறம் உன் நினைவு வந்தது. ஒரே அப்பா, ஒரே அம்மா. உனக்கு மட்டும் ஏன்? எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு. ஆயுத பூஜை லீவுக்கு மூவரும் வருகிறோம். எழிலைப் பார்க்க வேண்டும்.

உன் தங்கை,
தேவி

வேங்கிக்கால்,
30.9.2024

அன்புள்ள தேவிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நல்ல செய்தி என்று புரிகிறது. உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அழுதார். அப்பாவுக்குப் போனில் சொன்னேன். "ஒருத்தியாவது தப்பிச்சா"ன்னு சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. வரும் என்று காத்திருந்துதான் பதில் இவ்வளவு தாமதம்.

எழிலின் இடது கண்ணில் புதிதாக ஒரு புள்ளி தெரிகிறது. மறுபடி லேசர் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். வலது பக்கத்துக்குப் போன வாரம் செயற்கைக் கண் வைத்தார்கள். அசல் மாதிரியே இருக்கிறது.

உன்மேல் கோபம் இல்லை. மன்னிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஆயுத பூஜைக்கு வராதே. உன் பையனைத் தூக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அதை நீ பார்க்க வேண்டாம். எனக்கு முடிகிறபோது நானே கூப்பிடுகிறேன்.

நீங்கள் வருவதாக நான் படித்ததை எழில் கேட்டுவிட்டாள். "சித்தி பாப்பா எப்போ வரும்? என் கண்ண கழட்டி அதுக்குக் காட்டணும்" என்று தினமும் கேட்கிறாள்.

அக்கா,
மதி