ஜப்பான் லொறிக்கு ஒரு பாத்திஹா

1979 மாசி, வெள்ளி இரவு.

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வரிப்பத்தான்சேனையின் பெரிய வயல்காரரான போடியார் புது ஜப்பான் லொறியோடு என் பட்டறை வாசலில் வந்து நின்றார். இறக்குமதித் தடைக் காலத்தில் நான் செய்த முதல் லொறியை வாங்கியவர் அவர்தான். அன்று இந்தக் கரையில் லொறி செய்ய என்னை விட்டால் ஆளில்லை. நான் செய்த ஒவ்வொன்றுக்கும் நல்லபடி ஓட வேண்டிப் பாத்திஹா ஓதி, முதல் ஓட்டத்தை நானே ஓட்டிக் கொடுப்பேன்.

“காக்கா, உங்கட கைராசி இதுக்கும் வேணும். ஒருக்கா ஓட்டித் தாங்க,” என்றார்.

“நான் செஞ்ச வண்டிக்குத்தானே நான் ஓதுற?”

“வண்டி வேறயெண்டாலும் கை ஒண்டுதானே, காக்கா.”

தடை நீங்கி ஜப்பான் வண்டிகள் வந்ததிலிருந்து வேலையில்லாமல் இருக்கும் என் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாவியை வாங்கினேன். ஓதினேன். வீரமுனை வரை ஓட்டினேன். எங்காவது ஒரு சத்தம், ஒரு நடுக்கம் வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன். ஓதிய வாயாலேயே, இது பழுதாகட்டும் என்று கேட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். ஒரு சத்தமும் இல்லை.

திரும்பி வந்ததும் தலைமை மெக்கானிக் ஓடி வந்தான். “எப்பிடி, முதலாளி?”

“நல்ல வண்டி,” என்றேன்.

கையிலிருந்த சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தான்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.