தபால்தலை அளவு முகம்

அகமதாபாத்
14 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு ஜான்சி எழுதுவது. நான் நலம். உங்கள் தோள்வலி குறைந்ததா? அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாளா?

இந்த செமஸ்டரில் டிசைன் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பெரிதாக இருப்பதையே கண் முக்கியம் என்று நம்பும். நம் ஊர் கிள்ளையில் இது எல்லாருக்கும் தெரியும். வைத்திலிங்கம் வீட்டுக் கல்யாண பேனரை இங்கிருந்து செய்து அனுப்பியபோது, வாழ்த்துவோர் முகங்களை ஒரே அளவில் வைத்தேன். அவர்கள் நிலத்தில் முப்பது வருடம் உழைத்த நீங்களும் அந்த வரிசையில் இருந்தீர்கள். உடனே போன் செய்தீர்கள்: "என் மூஞ்ச மட்டும் தபால்தல அளவுக்குப் பண்ணிக் குடும்மா. காலனி ஆளு சமமா இருந்தா அவுங்க சங்கடப்படுறாங்க."

சுருக்கிக் கொடுத்தேன். உங்கள் மேல் வந்ததைவிட என் மேல்தான் கோபம்.

நேற்று அதை வகுப்பில் காட்டினேன். ஓரத்தில் இருப்பவர் யார் என்று ஆசிரியர் கேட்டார். என் அப்பா என்றேன். பெரிதாக்கச் சொன்னார். சுருக்கியதை மட்டுமே சேமித்திருந்தேன். பெரிதாக்கியதும் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. மூக்கு எது, மீசை எது என்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

என்னிடம் உங்கள் படம் வேறு இல்லை. கேமராவைப் பார்த்தால் நகர்ந்துவிடுவீர்கள். சிதம்பரம் போகும்போது ஸ்டுடியோவில் ஒன்று எடுத்து அனுப்புங்கள். ஊறுகாயும் வையுங்கள். கருவாடு வேண்டாம், வாடை வந்தால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள்.

மெஸ் மூடப்போகிறது, போகிறேன். படத்தில் குனியாதீர்கள்.

உங்கள் மகள்
ஜான்சி