பிரசவ அறைக்கு வெளியே

2024 பெப்ரவரி 12

மூன்றாம் வருடம். மகப்பேற்றுத் தாதியியல் இன்று தொடங்கியது. முதல் வருடம் எலும்பு, நரம்பு, கிருமி. இரண்டாம் வருடம் மருந்து அளவுக் கணக்கு, சத்திரசிகிச்சை விடுதி, மனநலம். இடையில் சமூகவியல், ஒழுக்கவியல். இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸால் இறங்கினால், சந்திக் கடை ஜவ்பர் நானா கேட்பது ஒன்றுதான்: "என்ன தம்பி, ஊசி போடப் பழகிட்டீங்களா?" ஓம் என்று சொல்லிவிடுகிறேன். விளக்கப் போனால் தேத்தண்ணி ஆறிவிடும்.

எங்கள் வகுப்பில் ஆண்கள் இரண்டு பேர், நானும் ரிஷாத்தும். பாடத்துக்குப் பொறுப்பான ஞானசேகரம் சேர் எங்கள் பக்கம் திரும்பி ஒரு சலுகையை அறிவித்தார். "பொம்பிளைப் பிள்ளையள் கன பிரசவம் பாக்கவேணும். உங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டு காணும். ஆனால் அந்த ஒண்டைத் தொடக்கத்திலயிருந்து முடிவு மட்டும் நிண்டு பாக்கவேணும். தாய் சம்மதிக்கவேணும். இல்லாட்டி அடுத்த பட்ச்சோடதான்."

ஒன்றுதானே என்று ரிஷாத் என் காதில் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெப்ரவரி 15

ஆய்வுகூடத்தில் ரப்பர் இடுப்பெலும்பு, துணிப் பொம்மை. தலை வரும், தோள் திரும்பும், பிறகு உடம்பு வழுக்கிக்கொண்டு வரும். மூன்று தடவை செய்தேன், மூன்றும் சரி. தினுஷா கை தட்டினாள். இந்த வகுப்பில் என்னோடு சண்டை பிடிக்காமல் கதைக்கிற ஒருத்தி அவள். "உனக்கு நல்ல கை" என்றாள். பொம்மைக்கு வெட்கம் இல்லை, அதுதான் வசதி.

பெப்ரவரி 26

ஆஸ்பத்திரியில் முதல் நாள். பிரசவ அறைப் பொறுப்புத் தாதி இராசமலர் சிஸ்டர். குரல் உயர்த்துவதில்லை, ஆனால் எல்லாரும் பயப்படுகிறார்கள். என்னைப் பார்த்தார், சீருடையைப் பார்த்தார், "கேட்டுப் பாரும்" என்றார்.

கேட்டேன். கிடைக்கவில்லை.

பெப்ரவரி 27

இன்றும் வேண்டாம்.

மார்ச் 1

ஒன்றை எழுதிவைக்கவேண்டும். பிரசவ வைத்தியர் ஆண். அவரோடு வருகிற பயிற்சி டொக்டர்கள் இரண்டு பேரும் ஆண். அவர்கள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள், ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. அதே திரைக்குப் பக்கத்தில் நான் நின்றால், "ஆர் இந்தப் பொடியன்?" கழுத்தில் குழாய் தொங்கினால் ஆண் என்பது மறைந்துவிடும் போலிருக்கிறது. நானும் ஒன்று வாங்கி மாட்டலாமா என்று யோசித்தேன். பகிடிதான்.

ரிஷாத்துக்குக் கந்தளாய் ஆஸ்பத்திரியில் கிடைத்துவிட்டது. அவனுடைய மாமி அங்கே மிட்வைஃப். எனக்கு அப்படி ஒரு மாமி இல்லை.

மார்ச் 4

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

சாம்பல்தீவிலிருந்து வந்த லதுஷா என்ற பெண். முதல் பிள்ளை. பார்வையாளர் நேரத்தில் அவளுடைய கணவன் திலக்சனை வெளியே கண்டேன். கடல் தொழில், என்னைவிட இரண்டு வயது கூட இருப்பான். நான் யார், ஏன் நிற்கவேண்டும், அவளுடைய மரியாதைக்கு ஒரு குறைவும் வராது என்று மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவன் என் தோளில் கை போட்டான். "படிக்கிற பிள்ளைதானே, தாராளமா நில்லுங்கோ." மாமியாரிடமும் கேட்டேன். அவவும் தலையாட்டினா. எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

வலி கூடி அவளை அறைக்குள் கொண்டுவந்த பிறகு நானும் போய்க் கட்டிலின் தலைப்பக்கம் நின்றேன். லதுஷா கண்ணைத் திறந்தாள்.

"இவர் ஆர்?"

"தாதியியல் மாணவன், அக்கா. உங்கட அவர் ஓம் எண்டு சொன்னவர்."

"அவரோ பெறப்போறார்?"

சிற்றூழியர் அம்மா சிரிப்பை அடக்க ஏலாமல் மறுபக்கம் திரும்பினா. இராசமலர் சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. லதுஷாவுக்கு அடுத்த வலி வந்தது, போனது. பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீங்கள் நல்ல பிள்ளையாத்தான் இருப்பியள் தம்பி. இப்ப வெளியில போங்கோ."

போனேன். வெளியே திலக்சன் எழும்பி வந்து, "கோவிக்காதேயுங்கோ" என்றான். நான் ஏன் கோவிக்கவேண்டும். இரண்டு பேரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம், துரத்தப்பட்டவர்கள் மாதிரி.

மார்ச் 5

சம்மதம் என்பது உரியவர், விளங்கிக்கொண்டு, பயமின்றித் தருவது. ஒழுக்கவியல் பரீட்சையில் இதை அரைப் பக்கத்துக்கு எழுதினேன். ஏ சித்தி தந்தார்கள்.

நேற்றைய கதையைத் தினுஷாவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி, "நீ இவ்வளவு நாளும் ஆரிட்டக் கேட்டனி?" என்றாள்.

யோசித்தேன். முதல் நாள், கணவனிடம். இரண்டாம் நாள், தகப்பனிடம். அதற்குப் பிறகு ஒரு மாமியார், ஒரு அண்ணன். ஊரில் இப்படித்தானே. ஒரு பொம்பிளையைப் பற்றிய கதை என்றால் முதலில் அவளுடைய ஆட்களோடு கதைப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தாயிற்று. அப்படிச் செய்யாதவனைத்தான் எங்கள் தெருவில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

"பெறுறவளிட்டத் தவிர எல்லாரிட்டயும் கேட்டிருக்கிறாய்" என்றாள் தினுஷா. அந்த ஏயைத் திருப்பிக் கொடுக்கலாம் போலிருந்தது.

மார்ச் 7

நேரே கேட்டேன். வேண்டாம் என்றார்கள், நேரே. முன்னையதைவிட இது பரவாயில்லை. ஆனால் எனக்கு இதனால் பயன் ஒன்றும் இல்லை.

மார்ச் 10

மாதா கோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து வீட்டில் எல்லாரும் கூடினோம். அக்காவுக்கு மாதம் நிறைந்துவிட்டது, நாளைக்கு ஆஸ்பத்திரி விடுதியில் சேரவேண்டும். எனக்கு இந்தக் கிழமையோடு பிரசவ அறைத் தவணை முடிகிறது என்று சொன்னேனோ இல்லையோ, அம்மா கறிச்சட்டியை இறக்கிவைத்தா. "அருள்மலர் இருக்கிறாளே. சொந்தத் தம்பி, அதில என்ன வெட்கம்?"

அத்தான் அஞ்சலோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எதற்கும் அலட்டமாட்டார். "அதுக்கென்ன மச்சான், நீ நிண்டா எனக்கும் நிம்மதி." அப்பாவும், "ஓம், ஒரு வருசம் வீணாப்போகக்கூடாது" என்றார். அப்பா ஒரு விஷயத்தில் ஓம் சொல்வதே அபூர்வம்.

அக்கா குசினியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அது அப்போதே தெரிந்தது. தெரிந்தும் அப்பத்தை எடுத்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 12

கேட்டேன்.

விடுதியில் அவளுடைய கட்டில் யன்னலோரம். தூரத்தில் துறைமுகக் கிரேன்கள் தெரியும். ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். "அக்கா, வீட்டில கதைச்சதை விடு. நீ சொல்லு. நான் நிக்கட்டோ?"

போர்வையின் ஓரத்தைச் சுருட்டினாள்.

"கேக்காமல் வந்து நிண்டிருந்தால் நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன்" என்றாள். "கேட்டிட்டாய். ஏலாதடா. பிறகு உன்ர முகத்தைப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வாழ்நாள் முழுக்கப் பாக்கவேண்டிய முகம்."

"சரியக்கா."

"உனக்கு வருசம் போகுமே?"

"அது வேறை கதை."

அவள் அழுதாள். நான் நாடித்துடிப்புப் பார்த்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாதாரணம்.

மார்ச் 13

ஏன்டா கேட்டனி? நிண்டிருக்கலாமே. அவளே சொல்லுறாள், ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன் எண்டு. அத்தான் ஓம், அம்மா ஓம், அப்பா கூட ஓம் — நீ பெரிய நீதவான். பட்ச் முழுக்க நாலாம் வருசம் போகுது, நீ சின்னனுகளோட குந்தியிருக்கப்போறாய். விசரன்.

அவளிலயும் கோபம். சத்தியமாக் கோபம். ஒரே ஒரு நாள், தலைப்பக்கம் நிக்கிறதுக்கு.

இரவு கிழித்துப்போடத்தான் இதை எழுதினேன். காலையில் வாசித்துவிட்டு விட்டுவைக்கிறேன்.

மார்ச் 14

மருமகள் பிறந்தாள். தாய், பிள்ளை இருவரும் சுகம். நான் அத்தானோடு வெளியே நின்றேன்.

நான் உள்ளே நிற்கவில்லை என்று தெரிந்ததும் அம்மா நேரே அக்காவின் கட்டிலுக்குப் போகப் பார்த்தா. "தம்பியின்ர படிப்பை விட இவளுக்கு வெட்கம் பெரிசாப் போச்சோ?" பிள்ளை பெற்று ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. நான் வழியில் நின்றேன். "அக்கா ஓம் எண்டுதான் சொன்னவ. எனக்குத்தான் ஏலாமல் போச்சு. சொந்த அக்காவைப் பாக்க மனம் வரேல்லை."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. "அப்ப நீ என்னத்துக்கு இந்தப் படிப்புப் படிக்கிறாய்?"

அத்தானுக்குத் தேத்தண்ணி வாங்கப் போனேன்.

மார்ச் 18

ஞானசேகரம் சேரிடம் போனேன். எல்லாப் பாடமும் சித்தி, இது மட்டும் இல்லை, இது இல்லாமல் நாலாம் வருடம் இல்லை. "உம்மட சொந்த அக்காவே உள்ளுக்க இருந்தவ எண்டு கேள்விப்பட்டன்" என்றார். ஓம் சேர் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு வேலை பார்த்தார்.

யூன் 9

மருமகளுக்கு ஞானஸ்நானம். அக்கா பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்காமல் கேட்டாள்: "ஏன் பொய் சொன்னனி?"

"பிள்ளை பெத்தவளுக்கு மூண்டு மாதம் நித்திரை வேணுமெண்டு புத்தகத்தில இருக்கு. அம்மா விட்டிருப்பாவோ?"

முதுகில் ஒரு அடி போட்டாள். கோபம் எனக்கு எப்போது போனதென்று தெரியவில்லை. பார்த்தால் இல்லை.

ஒக்டோபர் 2

தினுஷாவுக்கு இறுதி வருட ஆராய்ச்சித் தலைப்புக் கிடைத்துவிட்டது. நீரிழிவுக்காரரின் கால் பராமரிப்பு. நான் கிழமைக்கொரு முறை குறிஞ்சாக்கேணி சுகாதார நிலையத்தில் பிள்ளைகளை நிறுக்கப் போகிறேன். சம்பளமில்லை. பிள்ளைகள் தராசைக் கண்டதும் கத்துகிறார்கள், நிறுத்து முடிந்ததும் சிரிக்கிறார்கள். வீட்டில் அம்மா இன்னும் என்னோடு அளந்துதான் கதைக்கிறா.

2025 பெப்ரவரி 17

திரும்பவும் பிரசவ அறை. புது வகுப்புப் பிள்ளைகள் என்னை "அண்ணா" என்கிறார்கள். அது மரியாதை இல்லை, வயது. இராசமலர் சிஸ்டர் பார்த்தார், "கேட்டுப் பாரும்" என்றார். போன வருடம் சொன்ன அதே குரல்.

சேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: இந்த முறையும் இல்லையென்றால் வேறு பாடநெறி யோசிக்கட்டாம்.

பெப்ரவரி 20

வேண்டாம். நியாயம்தான்.

பெப்ரவரி 24

வேண்டாம். இந்தக் கிழமையோடு முடிகிறது. நேற்று அம்மா, "தாதி வேலைதான் வேணுமெண்டு என்ன கட்டாயம்?" என்று கேட்டா. பயமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இல்லையென்றாகாது.

பெப்ரவரி 26

கிண்ணியாவிலிருந்து ஸல்ஹா என்பவர் வந்திருந்தார். பாலர் பாடசாலை ரீச்சர், இரண்டாவது பிள்ளை. பக்கத்தில் அவருடைய உம்மா. நான் கிட்டப் போகும்போதே உம்மா கையால் வேண்டாம் என்று காட்டினா. திரும்பியிருப்பேன். ஆனால் பெறப்போகிறவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

வலி இறங்குகிற இடைவெளிக்குக் காத்திருந்து கேட்டேன். மாணவன், தலைப்பக்கம்தான் நிற்பேன், எந்த நேரம் போகச் சொன்னாலும் போவேன்.

அவர் என்னை ஆறுதலாகப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய பார்வை.

"நான் வேணாமெண்டா ஒங்களுக்கு என்ன நடக்கும்?"

இந்த ஒரு வருடத்தில் அக்காவைத் தவிர ஒருத்தரும் கேட்காத கேள்வி. சேர், அம்மா, நாலாம் வருடம், எல்லாம் வாய்வரை வந்தது. சொன்னால் ஓம் என்பார் என்று அந்த முகத்தில் தெரிந்தது. இரக்கப்பட்டு ஓம் என்பார்.

"ஒண்டுமில்லை. வெளியில போய் நிப்பன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அடுத்த வலி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை விட்டு முடித்தார். நான் போகத் திரும்பினேன்.

"அப்ப நில்லுங்க" என்றார்.

நின்றேன். தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தேன், மூச்சை அவரோடு எண்ணினேன், உம்மாவுக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டேன். மத்தியானம் தாண்டித் தலை தெரிந்தது. புத்தகத்தில் இருப்பதுபோலவே பக்கவாட்டில் திரும்பியது. ஆம்பிளைப் பிள்ளை. நீலம் பாரித்து வந்து, ஒரு கணம் சத்தமில்லை. பிறகு அழுத அழுகையில் நானும் அழுதேன் என்று நினைக்கிறேன், சிஸ்டர் ஒரு துணித்துண்டைக் கையில் தந்தார். உம்மா என்னைப் பார்த்து, "மகன், நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டா.

சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். "இனி உமக்கு இங்க வேலை இல்லை. வீட்ட போம்."

சீருடையில் ஈரம். கை கழுவினேன். அடுத்த கட்டிலில் ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள், வலி நன்றாகப் பிடித்திருந்தது. தினுஷா சொன்ன மாதிரி, பெறுகிறவரிடமே போய், அது இறங்கும்வரை பார்த்திருந்து, நான் நிற்கலாமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றார். வெளியே போய் நின்றேன்.