அச்சில் வராத வரிகள்

% நிலவுத் தளம். மார்ச் 4, இரவு 11.40
% இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ரலியா, ஒன்பதாம் வகுப்பு. இன்று லேடெக் கற்கத் தொடங்கினேன். ஆய்வுக் கட்டுரைகளை அச்சுக்கோக்கும் மென்பொருள். கட்டளைகளோடு எழுதினால் பக்கங்களை அதுவே அமைக்கும். வரியின் தொடக்கத்தில் % போட்டால் அந்த வரி அச்சில் வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தளத் தலைவர் கஸ்பார் எங்கள் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் பார்க்கிறார். காற்றைப் பற்றி எழுதியிருந்தால் அழித்துவிடுகிறார்.

% மார்ச் 5, இரவு 12.15
% கீழ்த்தளத்துக் காற்று கெட்டுக்கொண்டிருக்கிறது. அதை அளந்த உம்மா மருத்துவ அறையில் எழாமல் தூங்குகிறார். பாசி வளர்ப்பு பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை பாதியில் நிற்கிறது, அதை நான் முடிக்கிறேன். கட்டுரைகளை மட்டும் கஸ்பார் படிப்பதில்லை. சாப்பாட்டு வரிசையில் சொன்னார்: "ஒங்க உம்மா எழுதுறதப் படிச்சா எனக்கே தூக்கம் வந்துடும்மா. அச்சடிச்சுக் கொண்டா, ஆய்விதழுக்கு அனுப்பிடுறேன்." யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் மேசையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

% மார்ச் 7, இரவு 1.05
% பிழை மேல் பிழை. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்ததற்கு முழுக் கட்டுரையையும் மறுத்துவிட்டது. தலை வலிக்கிறது. தங்கை முனீராவை எழுப்பிப் பார்த்தேன். "தூங்கவுடு லாத்தா" என்றாள். சத்தம் கேட்டதே போதும்.

% மார்ச் 8, இரவு 2.20
% கட்டுரை மென்பொருளில் ஓடிவிட்டது. பிழை காட்டும் சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை. ஏழாம் பக்கத்தின் நடுவில் எச்சரிக்கையை வைத்திருக்கிறேன். அச்சைத் திருப்பிப் பார்க்கவில்லை, கண் சொருகுகிறது. காலையில் கஸ்பாரிடம் கொடுப்பேன். பூமியிலிருந்து வந்துவிடுவார்கள்.

% மார்ச் 10, இரவு
% ஆய்விதழின் பதில்: "கட்டுரை ஏற்கப்பட்டது. சிறு திருத்தம்: ஏழாம் பக்கத்தில் 'கீழ்த்தளத்தில் உயிர்வாயு 14' என்பதோடு வாக்கியம் நின்றுவிடுகிறது. அடுத்த மாதத்துக்குள் சரிசெய்து அனுப்பவும். வாழ்த்துகள்."
% நான் எழுதியது: கீழ்த்தளத்தில் உயிர்வாயு 14% தான், எல்லோரும் சாகிறோம், உடனே ஆள் அனுப்புங்கள்.
% எண்ணுக்குப் பின் வரும் குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டுமாம். போடவில்லை. இந்தக் குறிப்புகளை மறைப்பது போலவே மிச்ச வரியையும் அது மறைத்துவிட்டது.

% மார்ச் 11
% சாய்கோடு போட்டாயிற்று. கஸ்பார் நாற்காலியில் தூங்குகிறார். உலுக்கினேன். எழவில்லை. அனுப்பும் கருவி அவர் கைரேகையைக் கேட்டது. விரல் சில்லிட்டிருந்தது. ஆனாலும் கருவி திறந்தது.
% அனுப்புமுன் ஒரே ஒரு வரி.

ரலியா, கீழ்த்தளம், மூன்றாம் அறை. இதற்கு முன்னால் அந்தக் குறியைப் போடவில்லை, அச்சில் வரட்டும். முனீரா இன்னும் மூச்சு விடுகிறாள். கதவைத் திறந்ததும் முதலில் அவளை