ஐந்தை ஐம்பதாக்கியது யார்

செப்டம்பர் 8, திங்கள்
வெயில். முதலில் கண்ணில் பட்டது திரையில் ஒரு வரி: 'வேறு முகவரிக்குப் போகிறது.' தினமும் ஒரு தடவைதான் வரும். இன்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் சிவப்பு எழுத்து. வரம்பு தாண்டிவிட்டது, நிறுத்தப்பட்டது.

காலண்டர் பக்கங்களை அச்சுப் பிளேட்டுக்கு அடுக்கித் தரும் நிரலுக்குப் புதுப் பதிப்பு வேண்டும். பேக்கேஜ் மேனேஜர் என்ற மென்பொருள்தான் இணையத்திலிருந்து இறக்கித் தரும். கேட்ட இடத்தில் கோப்பு இல்லையென்றால், அந்த இடம் வேறு இடத்தைக் காட்டும். ஐந்து இடம் வரை போகும். அதற்கு மேல் போகாது.

எதற்கு இத்தனை இடம்? பிடிக்கவில்லை.

வாங்க வேண்டியது: பேனா, அம்மாவுக்குத் தைலம்.

செப்டம்பர் 9, செவ்வாய்
செல்வம் அண்ணனிடம் சொன்னேன். டிசைன் பிரிவுக்கு அவர்தான் பெரியவர். எழுந்துகூட வரவில்லை.

"அஞ்ச அம்பதாக்கு பிள்ள. நம்ம ஆர்டரே நாலு பிரஸ் மாறித்தான அடிச்சு வருது. பேரு நம்ம பேருதான? அது மாதிரிதான் இதுவும்."

அது மாதிரி என்பதால்தான் பயம். போன சீசனில் கைமாறிப் போன லோடில் காலண்டர் லட்சுமியின் முகம் பச்சையாக வந்தது. யார் அடித்தது என்று கேட்டால் ஒவ்வொரு பிரஸ்காரரும் அடுத்தவரைக் காட்டினார்கள்.

மாற்றவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 10, புதன்
மேகம், மழை இல்லை. கணினியைத் திறந்தால் வரம்பு ஐம்பது. நான் மாற்றவில்லை. கோப்பும் இறங்கியிருக்கிறது. கடைசி முகவரி, கேள்விப்படாத ஒரு பெயர். கோப்பு அசல்தானா என்ற சரிபார்ப்பு பொருந்தவில்லையாம், நிறுவாமல் நிற்கிறது.

"செக்கிங்க ஆஃப் பண்ணிட்டுப் போடு. மொதலாளி அண்ணாச்சி நாளைக்கு பிளேட் கேப்பாக" என்றார் செல்வம் அண்ணன்.

"அண்ணே, நீங்களே போடுறீகளா?"

"ஏன், உன் ஐடில போட்டா கை சுடுமாக்கும்?"

பக்கத்து சீட் மாரியம்மாக்கா சிரித்தாள். "எட்டாப்போட படிப்ப நிறுத்துன புள்ளைக்கு எம்புட்டு சந்தேகம் பாரு."

தலைவலி என்று சொல்லி, வீட்டுக்குப் போகும் கம்பெனி வேனுக்கு வந்துவிட்டேன்.

ஏன் என் ஐடி? ஆர்டர் தந்த எல்லாப் பார்ட்டியின் டிசைனும் அந்தக் கணினியில்தான். அந்தக் கோப்பால் அழிந்தால் பழி என் பெயரில். பிளேட் தாமதமானாலும் என் பெயரில். மறுபடி காலண்டருக்குத் தகரப்பட்டை அடிக்கும் பகுதிக்கே அனுப்பிவிடுவார்கள். கட்டைவிரல் தழும்பு இன்னும் மறையவில்லை.

வேனில் ஜன்னல் சீட் கிடைத்தது. பார்க்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்
தூறல். சீக்கிரம் போனேன். செல்வம் அண்ணன் வரவில்லை. அண்ணாச்சி வந்துவிட்டார்.

கோப்பை அழித்தேன். வரம்பை மறுபடி ஐந்தாக்கினேன். பழைய பதிப்பில் ஒரு பக்கம் ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது, ரொம்ப மெதுவாக. முடிய சாயங்காலம் ஆகும். மத்தியானம் பிளேட் கேட்கிறவரிடம் இதை யார் சொல்வது?

அண்ணாச்சியிடம் இதுவரை நான் பேசியது 'சரிங்க' மட்டும்.

அவர் அறைக் கண்ணாடிக் கதவைத் தட்டினேன்.