கோப்பித்துரையின் வாரிசுகள்

அக்கா,

இன்று காலை ஜெர்மனியின் எசன் ரயில் நிலையத்துப் பேக்கரியில் நின்றபடி கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். புதிதாக அரைத்த கொட்டையின் மணம் வாசல்வரை நிறைந்திருந்தது. கோப்பையைத் தட்டில் வைத்தபோது எனது வலக்கைச் சுட்டுவிரல் ஒருமுறை தானாகத் துள்ளியது. ஒரேயொரு முறை. களைப்பில் எவருக்கும் நேரக்கூடியது. ஆனாலும் யாராவது கண்டார்களா என்று நான் சுற்றிலும் பார்த்தேன். அப்படிப் பார்த்ததை உணர்ந்தபோதுதான் பயம் வந்தது. கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு, வேலைக்குப் போகாமல் வீடு திரும்பினேன்.

உங்களுக்கும் இப்படித்தான் தொடங்கியது. டோர்ட்மண்டில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்த நீங்கள், சின்னத் திருகாணிகளை அடிக்கடி கீழே போடத் தொடங்கினீர்கள். “இப்ப வாற ஆணியெல்லாம் சறுக்குது தம்பி, சாமான் சரியில்லை” என்று சிரித்தீர்கள். பிறகு தோள் தானாகக் குலுங்கியது. பிறகு சொற்கள் வாய்க்குள் இடறின. மருத்துவமனையில் நோயின் பெயரைச் சொன்னார்கள். மூளை நரம்புகளை மெல்ல மெல்ல அழிப்பது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்று அந்த மருத்துவர் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் எவரும் எதனாலும் இறந்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அப்பா இளவயதிலேயே போர்க்கால ஷெல்லடியில் போனவர். காரணம் சொல்லக்கூடிய சாவு அது ஒன்றுதான். அப்போது உயிரோடிருந்த அம்மாவிடம் அப்பப்பாவைப் பற்றிக் கேட்டோம்.

“நல்ல மனுசன். கடைசியில கொஞ்சம் வெறியில தள்ளாடுறவர்.”

“ஒரு சொட்டும் குடியாதவர் எண்டு நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்?”

“அது வேற வெறி,” என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். “உதுகளை வெளியில கதைக்காதேங்கோ. தம்பிக்கும் ஒரு பெட்டைப்பிள்ளை இருக்கு.”

கலியாணப் பேச்சுகளில் இதே அம்மா, அப்பா பக்கத்து நிறத்தையும் சாம்பல் நிறக் கண்களையும் எவ்வளவு பெருமையாக எடுத்து வைப்பார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்ப்பார்கள். சீதனம் பேசுவார்கள். பாட்டன் எப்படிச் செத்தார் என்று மட்டும் எந்த வீட்டிலும் எவரும் கேட்டதில்லை. கேட்டால் தங்கள் வீட்டிலும் கேட்பார்கள் என்ற பயம். அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே நாலு தலைமுறை அதைக் காட்டிப் பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம்.

நீங்கள்தான் கேட்கத் துணிந்தீர்கள். “இது எந்த வழியால வந்தது எண்டு தெரிஞ்சால்தான், ஆர் ஆருக்குச் சொல்லவேணும் எண்டு தெரியும்.” எச்சிலைக் குப்பியில் அடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினீர்கள். சில வாரங்களில் இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு முதியவர் உறவினர் என்று விடை வந்தது. தன் குடும்ப வரலாற்றைத் தேடித் தொகுத்து இணையத்தில் போட்டு வைத்திருந்த மனிதர். இலங்கையிலும் உறவு இருப்பதறிந்து மெய்யாகவே மகிழ்ந்தார்.

அவரோடு காணொளி அழைப்பில் பேச, உங்கள் சமையலறையில் கணினியின் முன் நாங்கள் இருவரும் அமர்ந்திருந்தோம். அவருடைய பூட்டன், மலைநாட்டில் முதன்முதலாகக் குடியேறிய ஆங்கிலேயர்களில் ஒருவராம். காட்டை அழித்துக் கோப்பி நட்ட துரை. தோட்டத்தில் வேலை செய்த தமிழ்ப் பெண்ணொருத்தியிடம் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவனை யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் துரை பணத்தோடு ஊர் திரும்பினார். அந்த மகனின் வழியில் வந்தவர்கள் நாங்கள். அதைக் காதல் கதை என்றார் முதியவர். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன், தெரியவில்லை. துரையின் குதிரைக்கு என்ன பெயர் என்பது தெரிந்திருந்தது.

பிறகு துரையின் முதுமைக்கால ஓவியத்தைத் தூக்கிக் காட்டினார். எங்கள் அப்பாவின் கண்கள். நான் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; நீங்கள் கையைப் பார்த்தீர்கள். துரை தன் வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். மேசைக்குக் கீழே நீங்களும் அப்படித்தான் பிடித்திருந்தீர்கள்.

“இவர் ஏன் கையை இப்படிப் பிடித்திருக்கிறார்?” என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டீர்கள். உங்கள் நோயின் பெயரையும் சொன்னீர்கள்.

முதியவர் ஓவியத்தைக் கீழே வைத்தார். “எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றிப் பேசும் வழக்கமில்லை. கோடையில் என் பேத்திக்குத் திருமணம்,” என்றார். நாங்கள் வேறெதுவும் கேட்குமுன் திரை இருண்டது.

நீங்கள் சிரித்தீர்கள். “தம்பி, இந்த மனுசன் எங்கட அம்மாவின்ரை சொந்தம்தான்.”

மறுநாள் பார்த்தபோது, அவருடைய குடும்ப மரத்தில் எங்களுக்கென்று புதிதாகச் சேர்த்திருந்த கிளை நீக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருக்கிறது. துரை காட்டை அழித்ததையும் கோப்பி நட்டதையும் எழுதி வைத்துக் கொண்டாடினார்கள். அவருடைய கையை மட்டும் மறைத்தார்கள். அந்த மனிதரை நான் குரல் உயர்த்தாமல் இன்றுவரை வெறுக்கிறேன். அம்மாவை வெறுக்க முடியாததால் அவருக்குரிய பங்கையும் இவர்மேலேயே ஏற்றியிருக்கிறேன் போலும்.

பேச்சு மிச்சமிருந்த மாதங்களில் நீங்கள் பாரிஸ், லண்டன், டொரொன்டோ என்று அப்பா வழி உறவினர் ஒவ்வொருவரையும் அழைத்துச் சொன்னீர்கள். “இப்பதான் பிள்ளைக்கு ஒரு இடம் சரிவந்திருக்கு, கெடுத்துப்போடாதேங்கோ அக்கா” என்று ஒருத்தி தொலைபேசியை வைத்தாள். நீங்கள் அடுத்த எண்ணை அழுத்தினீர்கள். என் மகளுக்கு மட்டும் நீங்கள் சொல்லவில்லை. “அது தகப்பன்ரை வேலை. என்னால ஏலாது.”

நான் அந்த வேலையைச் செய்யவில்லை. அறியாமல் இருப்பதற்கும் இந்த நாட்டில் சட்டப்படி உரிமை உண்டு. என்னைச் சோதித்துக்கொள்ளும்படி எவரும் வற்புறுத்த முடியாது. அந்த உரிமைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். மகள் வால்டோர்ஃப் நகரில் வேலை செய்கிறாள். அங்கே உடன் வேலை செய்யும் கோயம்புத்தூர்ப் பையனை விரும்புகிறாள். பெண் கேட்டு அவனுடைய பெற்றோர் அடுத்த மாதம் வருகிறார்கள்.

இன்று மதியம் அவளை அழைத்தேன்.

“என்னப்பா, வேலை இல்லையோ?”

பாலங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். விரிசல் கண்ட பாலத்தைப் பற்றிச் சொல்வதுபோலத் துரையில் தொடங்கி உங்கள் கடைசி மாதம்வரை வரிசையாகச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

“அத்தைக்குப் பார்க்கின்சன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“ஓம். பொய்.”

“உங்களுக்கு இருக்கோ?”

“தெரியாது. வாற கிழமை ஆஸ்பத்திரியில டெர்மின் எடுத்திருக்கிறன். முதலில கதைப்பினமாம், பிறகுதான் இரத்தம் எடுப்பினமாம்.”

“டெர்மின் எப்ப எடுத்தனீங்கள்?”

“இப்பதான். உனக்குப் போன் அடிக்க முதல்.”

“அவனுக்கு நான்தான் சொல்லுவன். நீங்கள் ஒருத்தருக்கும் அடிக்கவேண்டாம்,” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மாலையில் அவளே அழைத்தாள்.

“சொல்லிட்டன்.”

“என்னவாம்?”

“அப்பாவின்ரை டெர்மின் எண்டைக்கு எண்டு கேட்டவன்.”

“வேற?”

“வேற ஒண்டும் கேக்கேல்லை.”

அது அக்கறையா, கணக்குப் பார்ப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. “நானும் வாறன் அப்பா. லீவு போட்டிட்டன்,” என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பயம் குறையவில்லை, அக்கா. சொல்லிவிட்டால் பாதியாகும் என்று எண்ணியிருந்தேன். முழுதாக என்னிடமும் இருக்கிறது, முழுதாக அவளிடமும் இருக்கிறது. உங்களுடைய இடறிய குரலும், அந்த முதியவர்மேல் உள்ள கோபமும் என்னோடுதான் இருக்கின்றன. அவற்றை இறக்கி வைக்கும் எண்ணம் எனக்கில்லை. துரையின் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் இவ்வளவு காலம் பத்திரமாகக் கைமாறி வந்த மௌனம் என் மகளுக்குப் போகாது. மற்றது போயிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.